யாழ்ப்பாணத்துக்கு வேலை வர வரி விடுமுறைதான் வேண்டுமா?

கேள்வி கேட்ட தம்பி யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கம்பனியில் வேலை செய்கிறார். கனடாவில் உள்ள ஒரு நிறுவனத்தின் கோப்புகளை இங்கேயிருந்து சரிபார்த்து அனுப்புவது அவருடைய வேலை. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தொலைபேசியில், "எங்கட வேலையைத்தான் நீங்கள் கால் சம்பளத்துக்குச் செய்யிறியள்" என்று சொல்லியிருக்கிறார். அதே கிழமை ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில், வடக்கில் வரவிருக்கும் தொழில் வலயங்களுக்கு முழு வரி விலக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் பேசினாராம். கட்டட வேலைக்கு வெளி ஆட்களைக் கொண்டுவருவதைத் தடுக்க வேண்டும் என்று இன்னொருவர் பேசினாராம். மூன்றையும் சேர்த்து, "இதில் எது சரி, நாங்கள் யார் பக்கம் நிற்பது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக இங்குள்ள சிறிய கம்பனிகளின் கணக்கும் வரிக் கோப்பும் பார்க்கிறவன். ஆகவே சம்பளப் பட்டியலில் இருந்துதான் எனக்குப் பேச வரும். என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். இலாபத்தின் மேல் கொடுக்கும் வரி விடுமுறை, அதாவது இத்தனை வருடம் வரி கட்டத் தேவையில்லை என்ற சலுகை, எங்கள் ஊருக்கு வேலையைக் கொண்டுவராது. தற்செயலாக வந்த வேலையையும் பிடித்து வைக்காது. சலுகை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இங்குள்ள ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பார்த்து, அந்தச் சம்பளம் எத்தனை வருடம் தொடர்கிறது என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளங்குவதற்காக நானே வைத்தவை. வெளிநாட்டுக் கம்பனிகளின் வேலையை இங்கேயிருந்து செய்து கொடுக்கும், ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு அவுட்சோர்சிங் கம்பனியை எடுங்கள். ஒருவருக்குச் சராசரி மாதச் சம்பளம் 120,000 ரூபா என்றால் மாதம் 6 மில்லியன், வருடம் 72 மில்லியன். முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 சதவீதமும் சேர்ந்தால் இன்னும் 10.8 மில்லியன். கட்டட வாடகை, மின்சாரம், இணையம், ஜெனரேற்றருக்கு டீசல், கணினிகள் எல்லாம் சேர்த்து ஒரு 17 மில்லியன். மொத்தச் செலவு ஏறத்தாழ 100 மில்லியன்.

இந்தக் கம்பனி வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கிளை என்றால், பெரும்பாலும் செலவைக் கொடுத்து அதற்கு மேல் ஒரு சிறு பங்கையும் கொடுக்கும் முறையில்தான் அதற்குக் காசு வரும். செலவு 100, மேலே 10 என்று வையுங்கள். இலாபம் 10 மில்லியன். இந்த வேலையை ரொறன்ரோவில் செய்வித்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால் தாய்க் கம்பனிக்கு மிஞ்சுவது இதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த மிச்சம் அங்குள்ள கணக்குப் புத்தகத்தில்தான் விழும். யாழ்ப்பாணத்துப் புத்தகத்தில் இலாபம் என்று தெரிவது அந்தப் பத்து மட்டும்.

2025 ஏப்ரல் முதல் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு இலங்கையில் வரி 15 சதவீதம். பத்து மில்லியனுக்கு ஒன்றரை மில்லியன். அதை முழுவதுமாக மன்னித்தாலும் அந்தக் கம்பனிக்குக் கிடைப்பது தன் செலவில் நூற்றுக்கு ஒன்றரை. ஊழியர் சம்பளத்தை நூற்றுக்கு இரண்டு கூட்டினால் சலுகை முழுவதும் கரைந்துவிடும். கெட்டிக்காரர் இரண்டு பேர் விசா கிடைத்துக் கனடா போனால், அந்த இடத்துக்கு ஆள் எடுத்துப் பழக்கி முடிப்பதற்குள் அதில் பெரும் பங்கு போய்விடும். இப்படிப்பட்ட ஒன்றுக்காக யாராவது கொழும்பை விட்டு, அல்லது சென்னையை விட்டு, இங்கே வருவார்களா? அவர்கள் வருவது சம்பள வித்தியாசத்துக்காகவும், ஆங்கிலமும் கணக்கும் தெரிந்த பிள்ளைகள் கிடைப்பார்கள் என்பதற்காகவும். கரண்ட் போகாது, இணையம் அறுந்தால் ஒரு மணித்தியாலத்தில் திருத்துவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் இன்னும் வருவார்கள்.

அப்படியானால் வரி விடுமுறை யாருக்கு இனிக்கும்? ஆள் குறைவாகவும் இலாபம் கூடுதலாகவும் உள்ள தொழிலுக்கு. காணி, கட்டடம், பெரிய வணிகம். பத்துப் பேரை வைத்து ஆயிரம் மில்லியன் இலாபம் எடுக்கிறவருக்கு அது பெரிய பரிசு. ஆயிரம் பேரை வைத்துப் பத்து மில்லியன் எடுக்கிறவருக்கு அது ஒன்றுமில்லை. எங்களுக்கு எந்த வகைத் தொழில் தேவை என்று நான் சொல்லத் தேவையில்லை.

இலங்கை இந்த வழியில் நடக்கத் தொடங்கியது 1978 இல். கொழும்புப் பெரும்பாகப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் வந்து, கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்த வருடம் அது. அந்த ஆணைக்குழுதான் 1992 இல் முதலீட்டுச் சபை ஆனது. கட்டுநாயக்க வெற்றி பெற்றது, உண்மை. ஆனால் பக்கத்தில் விமான நிலையம், முப்பது கிலோமீற்றருக்குள் துறைமுகம், கிராமங்களில் இருந்து வந்து அறைகளில் தங்கிக் குறைந்த சம்பளத்துக்குத் தைக்கத் தயாரான இளம் பெண்கள், அத்தோடு பணக்கார நாடுகள் பெரிய ஆடை ஏற்றுமதி நாடுகளுக்கு வைத்த கோட்டாவில் இருந்து தப்ப இடம் தேடிய வெளிநாட்டு முதலாளிகள். இத்தனையும் ஒன்றுகூடிய இடத்தில் வரி விடுமுறையும் இருந்தது. வெற்றியின் பெயரை மட்டும் வரி விடுமுறை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு 2008 இல் தந்திரோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் வந்தது, 25 வருடம் வரை விலக்கு. 2021 இல் கொழும்புத் துறைமுக நகருக்கான சட்டம், 40 வருடம் வரை விலக்கு. ஒரு பிள்ளை பிறந்து, படித்து, வேலைக்குப் போய், தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரைக்கும் ஒரு கம்பனி வரி கட்டாமல் இருக்கலாம் என்பது எனக்கு ஏற்க முடியாத விடயம். அந்தப் பள்ளிக்கூடத்தின் கூரைக்குக் காசு எங்கேயிருந்து வரும்?

வடக்குக்குத் தனிச் சலுகை கொடுத்துப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், மற்ற மாகாணங்களில் இயந்திரம், கட்டடம் போன்றவற்றுக்குச் செலவழித்தால் நூறு ரூபாவுக்கு நூறு கூடுதல் கழிவு, வட மாகாணத்தில் செலவழித்தால் இருநூறு என்று வைத்தார்கள். கழிவு என்றால், வரியைக் கணக்கிட முன் இலாபத்தில் இருந்து கழிக்கும் தொகை. காகிதத்தில் இதைவிடத் தாராளம் இல்லை. ஆனால் கழிப்பதற்கு முதலில் இலாபம் இருக்க வேண்டும். புதிதாகத் தொடங்கும் கம்பனிக்கு முதல் சில வருடம் இலாபமே இராது. இன்னொன்று, அந்தக் கழிவு இயந்திரத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. வேலை இல்லாத பிள்ளைகள் நிறைந்த மாகாணத்தில், ஆளைக் குறைத்து இயந்திரத்தைக் கூட்டுகிறவருக்குப் பரிசு. என்னிடம் கணக்குக் கொண்டுவந்த ஒருவரும் இந்தக் கழிவுக்காக வடக்குக்கு வந்தேன் என்று சொன்னதில்லை. ஏற்கனவே வரத் தீர்மானித்தவர்கள்தான், "இதையும் போட்டுக் கழியுங்கோ" என்று கேட்டார்கள்.

2019 இறுதியில் நாடு முழுவதும் நடந்த வரிக் குறைப்பை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 ஆனது. கம்பனி வரியின் பொது வீதம் 28 இலிருந்து 24 ஆனது. 2019 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் கிட்ட இருந்த வரி வருமானம் அடுத்த வருடம் எட்டுக்குக் கிட்ட இறங்கியது. கொரோனாவும் சேர்ந்துகொண்டது. 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அதே வருட ஒக்ரோபரில் கம்பனி வரியை 30 ஆக்கினார்கள், பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 ஆனது. கம்பனிகளுக்கு விட்டுக்கொடுத்ததில் ஒரு பங்கைக் கடையில் மாவும் சவர்க்காரமும் வாங்குகிறவர்கள் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சீனிக் கதையும் அப்படித்தான். 2020 ஒக்ரோபரில் சீனி இறக்குமதிக்கான விசேட வரியை கிலோவுக்கு 50 ரூபாவில் இருந்து 25 சதத்துக்குக் குறைத்தார்கள். கடையில் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. சலுகை யாருடைய கையில் நின்றது என்பது நாட்டுக்கே தெரியும்.

வெளியில் நடந்தவற்றிலும் எங்களுக்கு நெருக்கமான உதாரணம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 இல் தொழிற்சாலை தொடங்கியது. காணி, கட்டிய வரியைத் திருப்பிக் கொடுத்தல், சிறப்புப் பொருளாதார வலயத்துச் சலுகை எல்லாம் கிடைத்தன. உச்சத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். கைபேசிச் சந்தை மாறியது, வரி வழக்கும் வந்தது, 2014 நவம்பர் முதலாம் திகதி கதவு மூடப்பட்டது. கொஸ்தாரிக்காவில் இன்டெல்லும் அதே வருடம்தான் தன் சிப் பொருத்தும் வேலையை ஆசியாவுக்கு மாற்றி 1,500 பேரை நிறுத்த முடிவெடுத்தது. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. இன்டெல் வந்த காலத்தில் அந்த நாடு தொழில்நுட்பக் கல்லூரிகளில் காசு போட்டிருந்தது. அதனால் பொறியியல் வேலைகள் பல அங்கேயே நின்றன, மருத்துவக் கருவி செய்யும் கம்பனிகளும் பெருகின. ஆளைப் பழக்கிய செலவு ஊரில் நிற்கும். மன்னித்த வரி கம்பனியோடு போய்விடும்.

எங்கள் ஊரிலேயே அப்படி நின்ற தொழில்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. காங்கேசன்துறையில் சுண்ணாம்புக்கல் இருந்தது, 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. ஆனையிறவில் உப்பு விளைந்தது, அந்த உப்பில் இருந்து பரந்தனில் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். இவை அரசுத் தொழிற்சாலைகள், குறைகள் இருந்தன. ஆனால் போர் மூடும் வரைக்கும் இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாதவையாக இருந்தன. இப்போது காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் மறுபடியும் தொழில் வலயங்கள் அமைக்கப் போவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. வரி விலக்கு எத்தனை வருடம் என்று கேட்பதை விட, துறைமுகத்தின் ஆழம் எவ்வளவு, தண்ணீர் எங்கேயிருந்து, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள எங்கள் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கும் அந்த வலயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களாக நாங்கள் இருக்க வேண்டும்.

இன்னொரு விடயம், பலருக்கும் இது தெரியாது. ஆண்டு வருமானம் 750 மில்லியன் யூரோவுக்கு மேல் உள்ள பெரிய பன்னாட்டுக் குழுமங்கள் எங்கே இலாபம் காட்டினாலும் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்று 2021 இல் 130 க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்பட்டன. கனடா அதை 2024 இல் தன் சட்டமாக்கியது. இதன்படி, இலங்கை ஒரு பெரிய கனேடியக் குழுமத்தின் கிளைக்கு வரியை மன்னித்தால், மன்னித்ததில் பெரும்பகுதியை கனடா அரசாங்கம் தன் திறைசேரிக்கு எடுத்துக்கொள்ளலாம். கம்பனிக்கும் மிச்சமில்லை, எங்களுக்கும் இல்லை. அந்த விதிகளிலேயே சம்பளத்தையும் கட்டடம், இயந்திரம் போன்ற சொத்தையும் பார்த்து ஒரு பங்கு இலாபத்துக்குக் கழிவு வைத்திருக்கிறார்கள். ஆக, எந்த இடத்தில் உண்மையாக ஆட்கள் வேலை செய்கிறார்களோ அந்த இடத்துக்குத்தான் கொஞ்சமாவது இடம் விட்டிருக்கிறார்கள். எங்கள் சலுகைச் சட்டங்களும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

இப்போது என்னை இரவில் நித்திரை கொள்ளவிடாத விடயத்துக்கு வருகிறேன். வரியைப் பற்றிப் பேசிக்கொண்டே நாங்கள் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு தம்பி, பெயர் வேண்டாம், இருபத்திரண்டு பேரை வைத்து ஐரோப்பாவில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்குத் தரவு வேலை செய்து கொடுத்தார். நான்தான் கணக்குப் பார்த்தேன். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குச் செய்யும் தகவல் தொழில்நுட்பச் சேவைக்கு வருமான வரி முழு விலக்கு, 2020 ஜனவரியில் இருந்து. அவர் நான்கு வருடமும் ஒரு சதம் வருமான வரி கட்டவில்லை. இதைவிடப் பெரிய சலுகை எந்த அரசாங்கமும் கொடுக்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. முப்பது நாளில் ஒப்பந்தம் முடிகிறது, இதுவரை செய்த வேலைக்கு நன்றி. அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பந்தியை வாசித்திருந்தார், ஆனால் அதை ஒரு சடங்கு வசனமாக நினைத்திருந்தார். நானும் அதை அழுத்திச் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இந்தப் பக்கம் சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் 1971 ஆம் ஆண்டின் வேலை நிறுத்தல் தொடர்பான சட்டப்படி அந்த ஊழியரின் எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இழப்பீட்டுக் கணக்கு, முதல் ஐந்து வருடங்களில் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டரை மாதச் சம்பளம். நான்கு வருடம் வேலை செய்தவருக்குப் பத்து மாதச் சம்பளம். அதாவது எங்கள் தம்பிக்கு வாடிக்கையாளர் கொடுத்தது ஒரு மாதம், அவர் தன் ஊழியருக்குக் கொடுக்க வேண்டியது பத்து மாதம். இடையில் உள்ள ஒன்பது மாதம் யாருடைய தலையில்? அவரிடம் அந்தக் காசு இல்லை. மனைவியின் நகையை வங்கியில் வைத்து இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார். பிள்ளைகள் அவர் நிலையைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் முடியவில்லை. கையில் நின்றது ஊழியர் சேமலாப நிதி மட்டும்.

அவுட்சோர்சிங் என்றால் வேலையை மலிவான இடத்துக்கு மாற்றுவது என்று சொல்வார்கள். சம்பளம் ஒரு பாதி. மற்றப் பாதி, ஆளை நிறுத்தும் பொறுப்பையும் மாற்றிவிடுவது. ரொறன்ரோவில் ஒரு ஊழியரை நிறுத்தினால் கம்பனி முன்னறிவித்தலும் ஈடும் கொடுக்க வேண்டும், பத்திரிகையில் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு ஒப்பந்தத்தை நிறுத்தினால் ஒரு மின்னஞ்சல் போதும். பொறுப்பு ஒரு சின்ன முதலாளியின் தலையிலும், அவருக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தலையிலும் வந்து விழும். எந்த வரி விடுமுறையும் இதைத் தொடுவதில்லை. எங்கள் நாட்டுக்குள்ளேயே, தன் ஆட்களை வேறு கம்பனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் மேன்பவர் கம்பனி என்ற பெயரில் நடப்பதும் இதே வேலைதான். ஒரே வாசலால் போய் ஒரே மேசையில் வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவர் நிரந்தரம், மற்றவர் மேன்பவர். வேலை ஒன்று, பொறுப்பேற்பவர் வேறு.

ரொறன்ரோ அண்ணைக்கு என்ன சொல்வது? முதலில் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். 2013 இல் கனடாவின் ரோயல் வங்கி, ஏறத்தாழ 45 பேரின் தகவல் தொழில்நுட்ப வேலையை ஒரு வெளிக் கம்பனிக்குக் கொடுத்தது. தற்காலிக விசாவில் அழைத்து வரப்பட்டவர்களுக்கு, வேலையை இழக்கப் போகிறவர்களே பழக்க வேண்டி வந்தது. நாடே கொதித்தது, வங்கியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தன் கதிரைக்கு வரப்போகிறவருக்குத் தானே பாடம் சொல்லிக் கொடுக்கும் வேதனை சாதாரணமானது இல்லை. அமெரிக்காவில் 2017 இல் கம்பனி வரியை 35 இலிருந்து 21 ஆகக் குறைத்தபோது, அமெரிக்கக் கம்பனிகள் வெளிநாட்டில் உழைக்கும் ஒரு வகை இலாபத்துக்கு 10.5 என்று அதிலும் பாதி வீதம் வைத்தார்கள். வேலையை வெளியே அனுப்பினால் சட்டமே பரிசு கொடுக்கிறது என்று அங்குள்ள தொழிலாளர் சொல்வதில் அடிப்படை உண்டு. இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி, வெளிநாட்டுக்குக் கொடுக்கும் அவுட்சோர்சிங் காசுக்கு 25 சதவீத வரி போட வேண்டும் என்று 2025 செப்டெம்பரில் ஒரு செனட்டர் சட்டமூலம் கொண்டுவந்தார். அதே மாதம், வெளிநாட்டுத் திறமையாளரை அமெரிக்காவில் வேலைக்கு எடுக்கும் எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தார். இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று ஏப்ரலில் சொல்லி, ஓகஸ்டில் 20 ஆக்கினார்கள். கிளிநொச்சியில் வானவில் தொழிற்சாலையில் தைக்கும் பிள்ளையின் வேலை, எங்கள் முதலீட்டுச் சபையின் சலுகையை விட அந்த அறிவிப்புகளில்தான் கூடத் தொங்குகிறது.

அவருக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது, மரியாதையோடு. எங்கள் ஊர் இந்த வேலையை நேற்றுத் தொடங்கவில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி, மிஷன் பள்ளிக்கூடங்கள் பெருகி, ஆங்கிலமும் கணக்கும் படித்த பிள்ளைகள் கூடினார்கள். அவர்களை வெள்ளைக்காரர் மலாயாவின் ரெயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். இங்கிலாந்தில் இருந்து ஒரு கிளார்க்கைக் கொண்டுவருவதை விட யாழ்ப்பாணத்துக் கிளார்க் மலிவு. மணியோடர் வந்தது, கல்வீடு எழும்பியது, மலாயா பென்சன் என்று ஒரு சொல்லே உண்டானது. அந்தப் பெரியப்பாமார் யாருடைய வேலையையும் திருடவில்லை. பேரரசு தன் செலவைக் குறைக்க அவர்களைப் பாவித்தது. ரொறன்ரோ அண்ணையும் கேள்வி கேட்ட தம்பியும் அதே வரிசையில் நிற்பவர்கள்தான். இருவருடைய சம்பளத்தையும் தீர்மானிக்கிற மேசையில் இருவருமே இல்லை.

வெளி ஆட்கள் விடயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். தோட்டத்தில் வெங்காயம் கிண்ட ஆள் இல்லை, மேசன் வேலைக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் எல்லாம் விமானம் ஏறுகிறார்கள். இது உண்மை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2024 இல் இலங்கைக்கு அனுப்பியது 6.5 பில்லியன் டொலருக்கு மேல். எங்கள் பிள்ளைகள் பாரிஸில் கோப்பை கழுவலாம், கட்டாரில் கம்பி கட்டலாம், ஆனால் இங்கே இன்னொருவர் வந்து கல் அடுக்கக் கூடாது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதோடு எங்களுக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. 1977 இலும் 1983 இலும் அடிவாங்கி மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்த எங்கள் சொந்தத் தமிழரை, காணியுள்ளவர்கள் பலர் மலிவுக் கூலியாகத்தான் பார்த்தோம். அவர்களின் பிள்ளைகள் பலர் இன்றும் காணி உறுதி இல்லாமல் இருக்கிறார்கள். வெளி ஆள் என்ற சொல்லை வாயில் எடுக்கும்போது அது நினைவுக்கு வர வேண்டும்.

தடுக்க வேண்டியது ஆளை இல்லை, அந்த ஆளைக் குறைந்த கூலிக்கு, பெயர்ப் பதிவில்லாமல், காப்புறுதி இல்லாமல் வைத்திருப்பதை. ஒப்பந்தக்காரர் வெளி ஆளைக் கொண்டுவருவது அந்த ஆள் கெட்டிக்காரர் என்பதற்காக மட்டுமில்லை. முறைப்பாடு செய்யத் தெரியாதவர், செய்தால் திருப்பி அனுப்பலாம் என்பதற்காகவும்தான். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா. அதுவே போதாது. அதையாவது எந்த ஊர் ஆளாக இருந்தாலும் கொடுக்க வேண்டும், ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும், ஊர் மேசனுக்குக் கொடுக்கும் நாள் கூலியையே கொடுக்க வேண்டும். இது நடந்தால், உண்மையாக ஆள் தட்டுப்பாடு உள்ள இடத்துக்குத்தான் வெளி ஆள் வருவார். கூலியைக் குறைப்பதற்காக யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருந்தால் நான் கேட்டிருப்பது இதுதான். ஒவ்வொரு மாதமும் எந்தக் கம்பனியும் ஊழியர் சேமலாப நிதிக்கு சி படிவம் கொடுக்கிறது. அதில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சம்பளம் என்று இருக்கிறது. வடக்கில் தொழில் தொடங்குகிறவருக்கு, முதலாளி கட்டும் அந்தப் பதினைந்து சதவீதத்தில் ஒரு பகுதியை அரசு ஐந்து வருடத்துக்குப் பொறுப்பேற்கட்டும். என் உதாரணக் கம்பனிக்கு அந்தப் பதினைந்து சதவீதம் 10.8 மில்லியன். அதில் பாதியை ஏற்றாலும் 5.4 மில்லியன், முழு வரி விடுமுறையை விட மூன்று மடங்குக்கு மேல். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் முதல் மாதத்திலேயே கிடைக்கும். ஆள் குறைந்தால் சலுகையும் தானாகக் குறையும். பொய்யாகப் பெயர் போட்டால் அந்தப் பெயருக்கு நிதியத்துக்குக் காசு கட்டியாக வேண்டும், ஆகவே ஏமாற்றுவதும் இலேசில்லை. அரசுக்குச் செலவு கூடத்தான். ஆனால் ஒவ்வொரு ரூபாவும் வடக்கில் வேலை செய்யும் ஒருவரின் பெயருக்கு நேரே நிற்கும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை வருடாவருடம் பெயரோடு வெளியிட வேண்டும். இதில் இரகசியத்துக்கு இடமே இருக்கக் கூடாது.

தம்பி, உங்கள் சொந்த வேலைக்கு வருகிறேன். உங்கள் கம்பனிக்கு எத்தனை வாடிக்கையாளர், ஒருவரா பலரா என்று கேளுங்கள். ஒருவர்தான் என்றால், ஒப்பந்தத்தை நிறுத்த எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று கேளுங்கள். முப்பது நாள் என்றால் தொண்ணூறு ஆக்கச் சொல்லி முதலாளி அடுத்த முறை பேரம் பேச முடியும், பலர் கேட்டால் கொடுக்கிறார்கள். உங்கள் நியமனக் கடிதத்தில் எந்தத் திகதி போட்டிருக்கிறது, உங்களை ஊழியர் என்று எழுதியிருக்கிறதா அல்லது சுயாதீன ஒப்பந்தக்காரர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் சேமலாப நிதி, பணிக்கொடை, இழப்பீடு மூன்றையும் கேட்க விடமாட்டார்கள். உங்களிடம் அங்கத்தவர் இலக்கம் இருந்தால், நாளைக்கே தொழில் திணைக்களத்துக்குப் போய், மாதாமாதம் காசு கட்டுப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். இலக்கம் இல்லை என்றால் சம்பளச் சிட்டையோடு என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.